கறிவேப்பிலைக்கு எத்தனை படி வெளிச்சம்?

செப்டம்பர் கடைசியில் இரவுக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் ரொறன்ரோவின் தமிழர் வீடுகளில் ஒரு குடிபெயர்வு நடக்கும். கோடை முழுவதும் பின்வளவில் தளதளவென்று நின்ற கறிவேப்பிலைச் சாடிகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்துசேரும். வரவேற்பறை ஜன்னலோரத்தில் நல்ல இடம் பார்த்து வைப்பார்கள். நவம்பர் வரை ஒன்றும் தெரியாது. டிசம்பர் பிறந்ததும் இலை மஞ்சளாகும். சாடியைச் சற்று அசைத்தாலே பொலபொலவென்று கொட்டும். ஜனவரியில் வெறும் குச்சி நிற்கும். தண்ணீர் கூடிவிட்டது, மண் சரியில்லை, ஹீட்டர் காற்று பட்டுவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் நான் பார்த்த பெரும்பாலான செடிகளுக்கு முதல் நோய் பட்டினிதான். ஒளிப் பட்டினி.

இரண்டு குளிர்காலங்களில் இரண்டு செடிகளை இப்படிப் பறிகொடுத்த பிறகு பேஸ்மென்டில் ஒரு வளர்ப்புக் கூடாரம் நிறுத்தினேன். இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் தடித்த துணி போர்த்திய அலமாரி போன்றது அது. உட்புறம் முழுவதும் வெள்ளிப் பூச்சு, முன்பக்கம் ஜிப். கூடாரம் வாங்குவதில் பெரிய சிரமம் இல்லை. அதன் உச்சியில் தொங்கவிடும் எல்.இ.டி. விளக்கைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் பலரும் பணத்தை இழக்கிறார்கள். விளக்கில் தொடங்கிச் செடிக்கு வருவதே இதற்குக் காரணம். செடிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஒளி வேண்டும், கூடாரத்தின் தரைப்பரப்பு எவ்வளவு, இரண்டையும் சேர்த்தால் எத்தனை வாட் என்று செடியிலிருந்து விளக்குக்குப் போக வேண்டும். அப்படிப் போனால் கடையில் தொங்கும் நூறு விளக்குகளில் தொண்ணூறு தாமாகவே விலகிவிடும்.

முதலில் கண்ணை நம்புவதை விட வேண்டும். இரவில் விளக்கு எரியும் வரவேற்பறை நமக்கு நல்ல வெளிச்சமாகவே தோன்றுகிறது. அங்கே வெளிச்சத்தை அளக்கும் ஒரு லக்ஸ் மீட்டரை வைத்தால் 200, 300 லக்ஸ் காட்டும். உச்சி வெயிலில் அதே மீட்டர் ஒரு லட்சத்தைத் தொடும். முந்நூறு மடங்கு வேறுபாட்டைக் கண், பாவை சுருங்கி விரிந்தும் விழித்திரை பழகியும், நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது. அந்த வசதி இலைக்கு இல்லை.

லக்ஸும் லூமெனும் இங்கே முழுமையாக உதவாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவை மனிதக் கண்ணுக்காக வகுத்த அளவுகள். நம் கண் பகலில் அதிகமாக உணர்வது 555 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் கலந்த பச்சையை. ஆகவே அந்த நிறத்துக்கு லூமென் கணக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறது. சிவப்புக்கும் நீலத்துக்கும் குறைத்துப் போடுகிறது. இலையோ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களை எடுத்து உணவு சமைக்கிறது. துகளின் எண்ணிக்கைதான் அதற்குக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் துகள்களை மைக்ரோமோலில் சொல்வார்கள். ஒரு மைக்ரோமோல் என்பது ஆறுக்குப் பின்னால் பதினேழு சுழியம் போட்ட அளவு துகள்கள். விளக்குப் பெட்டிகளில் பிபிஎஃப்டி என்று அச்சிட்டிருப்பது இதைத்தான்.

அந்த எண் ஒரு கணத்தின் அளவுதான். நாள் முழுக்க விழுந்ததைக் கூட்டினால்தான் செடி உண்டதா பட்டினி கிடந்ததா என்று தெரியும். அந்தக் கூட்டுத்தொகைக்கு டிஎல்ஐ என்று பெயர். மோல் கணக்கில் வரும்; பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல். நான் அதை மனதுக்குள் படி என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இத்தனை பேர், ஆளுக்கு இவ்வளவு அரிசி என்று படியளப்பதைப் போலத்தான் இதுவும். கோடையில் மேகமற்ற நாளில் திறந்த வெளியில் 40 மோலுக்கு மேல் கிடைக்கும். ரொறன்ரோவின் டிசம்பர் நாளில் பகல் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம்தான். சூரியன் தாழ்வாகவே போகும். வெளியிலேயே பத்து மோலுக்குக் கீழேதான். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் பகல் பதினொன்றரை மணி நேரம் இருக்கும், சூரியனும் உயரத்தில் நிற்கும். நம் ஜன்னலோரச் செடிக்கோ ஒரு பக்கம் மட்டுமே வானம், நடுவில் இரட்டைக் கண்ணாடி, வெளியே மேகமூட்டம். ஓரிரு மோல் கிடைத்தாலே பெரிது. நாற்பது படி உண்டு பழகிய மரத்துக்கு ஒன்றரைப் படி அளந்தால் அது இலையை உதிர்க்காமல் வேறு என்ன செய்யும்?

எந்தச் செடிக்கு எவ்வளவு? லெட்டூஸ், கீரை வகைகளுக்கு 12 முதல் 17 மோல் வரை போதும். முளைத்த நாற்றுக்கு அதிலும் குறைவு. மிளகாய், தக்காளி போல் காய்க்க வேண்டியவை 20 முதல் 30 வரை கேட்கும். கறிவேப்பிலையைக் குளிர்காலத்தில் கொழுந்து விடும் நிலையில் வைத்திருக்க 15 மோல் போதும் என்பது என் கூடாரத்தில் நான் கண்டது. வெயில்மரம் அது, கூடக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாது. குளிர்காலத்தைக் கடத்த இந்த அளவு போதும்.

இனிக் கணக்கு. விளக்கு நாளுக்கு 14 மணி நேரம் எரியட்டும். ஒரு மணிக்கு 3,600 நொடி. 300 மைக்ரோமோலை 3,600ஆலும் 14ஆலும் பெருக்கி, பத்து லட்சத்தால் வகுத்தால் 15 மோல் வருகிறது. ஆகவே இலை மட்டத்தில் 300 மைக்ரோமோல் வேண்டும். இரண்டடிக்கு நான்கடிக் கூடாரத்தின் பரப்பு 0.72 சதுர மீட்டர். 300ஐ அதால் பெருக்கினால் 216. சுவரிலும் தரையிலும் வீணாவதற்காகக் கொஞ்சம் கூட்டி 250 என்று வைத்துக்கொள்ளலாம். விளக்கிலிருந்து நொடிக்கு 250 மைக்ரோமோல் வெளியே வர வேண்டும். மிளகாய்க்கு 25 மோல் என்றால் இதே கணக்கு 420 வரை போகும். இந்த ஒற்றை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நல்ல தயாரிப்பாளர் விளக்கின் மொத்த வெளியீட்டைப் பிபிஎஃப் என்ற பெயரில் எழுதியிருப்பார். எழுதாத விளக்கை நான் வாங்குவதில்லை.

நேரத்தைக் கூட்டி வலுவைக் குறைக்கவும் செய்யலாம்; படி ஒன்றுதான். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 24 மணி நேரமும் ஒளி பட்டால் தக்காளியின் இலை வெளிறிப் புண்படும். இருட்டும் செடிக்கு வேண்டியதே. 14, 16 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வாட் கணக்குக்கு வருவோம். இந்தச் சந்தையில் மிகுந்த குழப்பம் தருவது இதுதான். விளக்கின் பெயரில் 1000 என்று இருக்கும். படிப்பவர் ஆயிரம் வாட் என்று எடுத்துக்கொள்வார். ஸ்பைடர் ஃபார்மர் எஸ்எஃப் 1000 இழுப்பது 100 வாட். மார்ஸ் ஹைட்ரோ டிஎஸ் 1000 இழுப்பது 150 வாட். இவர்களாவது உண்மையான வாட்டைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இன்னும் மலிவான விளக்குகளில் "ஆயிரம் வாட்டுக்கு இணை" என்ற சொற்றொடர் கொட்டை எழுத்திலும், உண்மையில் இழுக்கும் வாட் அட்டவணையின் கடைசி வரியிலும் இருக்கும். எதற்கு இணை, யார் அளந்தது என்பதற்கு எங்கும் பதில் கிடைக்காது. அந்தக் கடைசி வரியைத் தேடிப் படியுங்கள்.

உண்மையான வாட் தெரிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி, அந்த மின்சாரத்தில் எவ்வளவு ஒளியாக மாறுகிறது என்பது. ஒரு ஜூல் மின்சாரத்துக்கு, அதாவது ஒரு வாட் விளக்கு ஒரு நொடியில் இழுப்பதற்கு, எத்தனை மைக்ரோமோல் என்று இதைச் சொல்வார்கள். 2014இல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேக்கப் நெல்சனும் புரூஸ் பக்பியும் அன்றைய விளக்குகளை அளந்து பார்த்தபோது, சிறந்த எல்.இ.டி.யும் சிறந்த சோடியம் விளக்கும் ஏறக்குறைய 1.7 என்ற ஒரே இடத்தில் நின்றன. அதன்பின் சோடியம் விளக்கு அங்கேயே நின்றுவிட்டது, எல்.இ.டி. ஏறிக்கொண்டே போனது. இன்று வீட்டு உபயோகத்துக்கு வரும் நல்ல விளக்குகள் 2.5 முதல் 3 வரை கொடுக்கின்றன. வட அமெரிக்காவில் மின்சேமிப்பு மானியங்களுக்கு அடிப்படையாக இருக்கும் டிசைன்லைட்ஸ் கன்சார்ட்டியம் பட்டியலில் இடம்பெறவே 2023இல் குறைந்தது 2.3 வேண்டியிருந்தது. நானும் அதையே என் கீழெல்லையாக வைத்திருக்கிறேன்.

நமக்கு வேண்டிய 250 மைக்ரோமோலை 2.7 கொடுக்கும் விளக்கு 93 வாட்டில் தந்துவிடும். 1.2 மட்டுமே கொடுக்கும் மலிவு விளக்குக்கு 208 வாட் வேண்டும். விலைச் சீட்டில் மிச்சம் பிடித்ததை மின்கட்டணத்தில் மாதாமாதம் திருப்பிக் கட்டுவதுதான் நடக்கும். என் முதல் விளக்கு அப்படிப்பட்டது. ஊதா நிறத்தில் ஒளிர்ந்தது. பார்க்க ஏதோ ஆய்வுக்கூடம் போலவே இருந்தது. ஒரு மாதத்தில் செடி தண்டை மட்டும் நீட்டியது. கணுவுக்குக் கணு இடைவெளி இரட்டிப்பாகி, இலை சிறுத்துப்போனது.

அந்த ஊதா நிறம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பச்சையத்தை இலையிலிருந்து பிரித்துக் கரைசலாக்கி ஒளியைச் செலுத்தினால் அது நீலத்தையும் சிவப்பையும் விழுங்கும். பச்சையை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். பாடநூல்களில் இரட்டை மலைமுகடு போல் வரையப்பட்டிருக்கும் படம் அதுதான். இதைப் பார்த்த பலர், பச்சை ஒளி செடிக்கு வீண் என்று முடிவு கட்டினார்கள். 1980களின் பிற்பகுதியில் நாசாவின் ஆதரவில் விண்வெளிப் பயிர் ஆய்வு தொடங்கியபோது கைக்கு எட்டியதும் மின்சாரத்தைச் சிக்கனமாக ஒளியாக்கியதும் சிவப்பு எல்.இ.டி.தான். 1990களில் நல்ல நீல எல்.இ.டி. வந்து சேர்ந்தது. அதைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றார்கள். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா. விண்வெளிப் பயிர் ஆய்வின் படங்களில் அந்த ஊதா ஒளி பரவியதும், சந்தைக்கு அதுவே அறிவியலின் நிறமாகிவிட்டது.

ஆனால் இலை கரைசல் இல்லையே. டெக்சாஸில் கீத் மக்ரீ 22 பயிர்களின் முழு இலைகளை எடுத்து ஒவ்வொரு நிறத்திலும் ஒளிச்சேர்க்கையை அளந்து 1972இல் வெளியிட்டார். சிவப்புதான் முதலிடம். பச்சையும் கணிசமாகவே பயன்பட்டது. பச்சைத் துகள் இலைக்குள் அங்குமிங்கும் மோதித் திரும்பி, கடைசியில் எங்கோ ஒரு பச்சையத்தில் சிக்கிக்கொள்கிறது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் இச்சிரோ தெராஷிமா குழுவினர் 2009இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சூரியகாந்தி இலையில் வலுவான வெள்ளை ஒளி ஏற்கெனவே விழும்போது, கூடுதலாகச் சேர்க்கும் பச்சை ஒளி சிவப்பைக் காட்டிலும் நன்றாக வேலை செய்வதைக் காட்டினார்கள். மேல்தோல் அருகிலுள்ள பச்சையம் வயிறு நிறைந்து நிற்கும்போது, உள்ளே ஆழம் வரை போய்ப் பசித்த பச்சையத்துக்கு ஊட்டுவது பச்சை ஒளிதான்.

ஆகவே இன்று நான் பரிந்துரைப்பது வெள்ளை எல்.இ.டி.யோடு 660 நானோமீட்டர் சிவப்பு கலந்த விளக்கு. சிவப்பைச் சேர்ப்பதற்கு இயற்பியலில் நியாயம் இருக்கிறது. நீலத் துகளைவிடச் சிவப்புத் துகளுக்கு ஆற்றல் குறைவாகவே தேவை. எந்த இழப்பும் இல்லாத விளக்கு ஒன்று இருந்தால், ஒரு ஜூலில் 450 நானோமீட்டர் நீலம் 3.8 மைக்ரோமோலும் 660 சிவப்பு 5.5 மைக்ரோமோலும் கொடுக்கும். வெள்ளை எல்.இ.டி. என்பதே நீல ஒளி தரும் சில்லின்மேல் (சிப்) மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் என்னும் பொருளைப் பூசியதுதான். எனவே நீலம் அதிலேயே இருக்கிறது. தண்டு நீளாமல் செடியைக் கட்டுக்கோப்பாக வைத்திருப்பது அந்த நீலம். வெள்ளை ஒளி மஞ்சள் சாயலா நீலச் சாயலா என்று சொல்லும் வண்ண வெப்பநிலை 3000 கெல்வினா, 4000 கெல்வினா என்று மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். வீட்டுச் சாடிக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. 730 நானோமீட்டர் சேய்ச்சிவப்பை (ஃபார்-ரெட்) பற்றியும் கேட்பீர்கள். மற்ற நிறங்களோடு சேரும்போது அதுவும் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுவதை ஷுயாங் ஜெனும் பக்பியும் 2020இல் நிறுவினார்கள். ஆனால் செடிக்கு அது நிழலின் செய்தியும்கூட. தலைக்குமேல் வேறு மரம் இருக்கிறது என்று எண்ணி உயரப் பார்க்கும். உயரம் குறைந்த கூடாரத்தில் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

வெள்ளை ஒளிக்கு இன்னொரு நன்மை உண்டு. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. செடி நமக்குத் தெரியும். ஊதா ஒளியில் பச்சை இலை கருத்துக் காட்டும். மஞ்சள் தட்டுவது தெரியாது. உலர்ந்த குளிர்கால வீட்டில் சிலந்திப்பேன் இலையடியில் வலை பின்னத் தொடங்கினால், முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தால்தான் உண்டு.

சில்லின் பெயரைப் பெரிதாகப் போட்டு விற்பார்கள். சாம்சங்கின் எல்எம்301எச் போன்றவை நல்ல சில்லுகள்தாம். ஆனால் அதே சில்லில் மின்னோட்டத்தைக் கூட்டி, எண்ணிக்கையைக் குறைத்துச் செய்தால் திறன் விழும். முழு விளக்கின் அளவைப் பாருங்கள். டிரைவர் என்னும் மின்வழங்கிப் பெட்டிக்கு அதைவிடக் கவனம் கொடுக்கலாம். சில்லு 50,000 மணி நேரம் உழைக்கும் என்கிறார்கள். நாளுக்கு 14 மணி என்றால் ஏறத்தாழ பத்தாண்டு. அதற்கு முன்பே பழுதாவது பெரும்பாலும் டிரைவர்தான். பெயர் தெரிந்த நிறுவனத்தின் டிரைவரா, தனியாகக் கழற்றி மாற்றலாமா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். ஒளியைக் குறைக்கும் திருகு கட்டாயம் வேண்டும். கனடாவில் அந்நாட்டுக்கான சிஎஸ்ஏ, யுஎல், இடிஎல் பாதுகாப்பு முத்திரைகளில் ஒன்று, இந்தியாவில் பிஐஎஸ் முத்திரை இல்லாத விளக்கைத் தண்ணீர் புழங்கும் இடத்தில் ஆளில்லாத நேரத்தில் எரியவிடாதீர்கள்.

அடுத்தது வடிவம். நீள்சதுரக் கூடாரத்தின் நடுவில் சிறிய சதுரப் பலகை ஒன்றைத் தொங்கவிட்டால் நடுச்செடி வெந்துபோகும், ஓரச்செடி பட்டினி கிடக்கும். சராசரி மட்டும் 300 என்று வரும். நீளக் கூடாரத்துக்கு நீள விளக்கு அல்லது இரண்டு சிறு பலகைகள். தயாரிப்பாளர் தரும் ஒளிப்பரவல் படத்தில் நடு எண்ணைப் பார்க்காமல் மூலை எண்ணைப் பாருங்கள். எந்த உயரத்தில், வெள்ளிச் சுவருக்குள்ளா வெளியிலா அளந்தது என்பதையும் கவனியுங்கள். வெள்ளிச் சுவர் ஒளியைத் திருப்பியடிப்பதால், விளக்கைச் சற்று உயர்த்தினாலும் மொத்த ஒளி அதிகம் குறையாது, பரவல் சீராகும்.

உயரத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். நான்கடி உயரக் கூடாரம் என்றால் 120 சென்டிமீட்டர். விளக்குக்கும் கொக்கிக்கும் 10, விளக்கிலிருந்து கொழுந்துக்கு 40, சாடிக்கு 30. மிஞ்சுவது 40 சென்டிமீட்டர். மிளகாய் நாற்றுக்கு அது சரி. கறிவேப்பிலைக்கு ஆறடிக் கூடாரம் வேண்டும்.

விளக்கு இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் முடியும். 100 வாட் விளக்கு, ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு விடும் வெப்பத்துக்குச் சமம். குளிர்ந்த பேஸ்மென்டில் அது வரம். அதனால் என் விளக்கு இரவு 11 மணிக்கு எரியத் தொடங்கிப் பகல் ஒரு மணிக்கு அணைகிறது. வீடு குளிரும் நேரத்தில் கூடாரம் கதகதப்பாக இருக்கிறது. ரொறன்ரோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் 2023இல் வந்த மீக்குறைந்த இரவுக் கட்டணத் திட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை மின்சாரம் மிக மலிவு. வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரைதான் கடும் விலை. அந்த நேரத்தில் என் செடி உறங்குகிறது. மாதத்துக்கு 42 யூனிட் செலவாகிறது.

தமிழ்நாட்டில் இருப்பவர் இதே விளக்கை எரித்தால் இரண்டு மாதத்தில் 84 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை அது தின்றுவிடும். நேர்வெயில் படும் மாடியோ பால்கனியோ இருக்கும் வீட்டில் இந்த விளக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். அடுத்த கட்டடம் மறைத்து வெயிலே எட்டாத அடுக்ககத்தில், அலமாரித் தட்டில் கீரையும் நாற்றும் வளர்க்க 30, 40 வாட் விளக்கு பொருந்தும். மே மாதச் சென்னையில் மூடிய கூடாரத்துக்குள் கூடுதலாக 100 வாட் வெப்பம் சேர்ந்தால் செடி தாங்காது. அங்கே விளக்குக்கு முன்பே மின்விசிறியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

விளக்கு வந்ததும் அளந்து பாருங்கள். நல்ல மீட்டர் விலை அதிகம். கைபேசியின் லக்ஸ் செயலி துல்லியமாக இராது என்றாலும் கண்ணைவிட எவ்வளவோ மேல். வெள்ளை எல்.இ.டி. ஒளியில் லக்ஸை 65ஆல் வகுத்தால் மைக்ரோமோல் ஏறக்குறைய வந்துவிடும்; சூரிய ஒளிக்கு 54. கொழுந்து மட்டத்தில் 20,000 லக்ஸ் காட்டினால் 300 மைக்ரோமோல் இருக்கிறது என்று பொருள். நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளந்து, சாடிகளை வாரம் ஒருமுறை இடம் மாற்றி வையுங்கள்.

முதல் நாளே திருகை முழுதும் திருகிவிட வேண்டாம். ஜன்னல் நிழலில் சில வாரம் கிடந்த இலை பலவீனமாக இருக்கும். பாதி ஒளியில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றினேன். பழைய இலைகளில் சில உதிர்ந்தன. கணுக்களில் புதிய கொழுந்து வெடித்தபோது டிசம்பர் நடுப்பகுதி. வெளியே முழங்கால் அளவு பனி. மே மாதத்தில் வரும் விக்டோரியா நாள் விடுமுறை கழிந்து சாடியை வெளியே எடுக்கும்போதும் இதே நிதானம் வேண்டும். 300 மைக்ரோமோலில் பிறந்த இலை திடீரென்று 1,800ஐச் சந்தித்தால் ஒரே மதியத்தில் வெளுத்துக் கருகிவிடும். முதல் வாரம் வேலியோர நிழலிலும், அடுத்த வாரம் காலை வெயிலில் மட்டும் என்றும் வைத்துப் பழக்கிவிட்டு, ஜூன் பிறந்த பிறகு முழு வெயிலுக்கு நகர்த்துகிறேன்.